பேருந்தை விட்டுப் போனவரை எங்கே தேடுவது? மட்டக்களப்புக்கு ஏற்ற பயண ஆய்வு முறை எது?

மட்டக்களப்பில் பொதுப் போக்குவரத்தைச் சீர்செய்வது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், எந்தத் தடத்துக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும் என்பதே முதற் கேள்வியாகிவிடுகிறது. காத்தான்குடி, ஆரையம்பதி, ஏறாவூர் போன்ற ஊர்களிலிருந்து நாள்தோறும் நகருக்கு வருவோரில் யார் இன்னும் பேருந்தில் ஏறுகிறார்கள், யார் மோட்டார் சைக்கிளுக்கோ முச்சக்கர வண்டிக்கோ மாறிவிட்டார்கள், அந்த மாற்றத்துக்கு எது காரணம் என்பதை அறியாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாது. இதை அறிவதற்குப் பயணநடத்தை ஆய்வில் பல வழிகள் உள்ளன. வீதியோரம் நின்று எண்ணலாம். பயணச்சீட்டுப் பதிவுகளைத் திரட்டலாம். கையடக்கத் தொலைபேசிப் பதிவுகளை ஆராயலாம். வீடு வீடாகச் சென்று கேட்கலாம். மிக மெதுவானதும் செலவு கூடியதுமான கடைசி வழியே நம் மாவட்டத்துக்குப் பொருந்தும் என்பது என் துணிபு. ஆனால் அது இப்போது வழமையாகச் செய்யப்படும் விதத்தில் அல்ல.

எண்ணும் முறைக்கு எங்கள் நிலவமைப்பே துணை நிற்கிறது. தெற்கே எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய நிலப்பரப்பு. கல்முனைப் பக்கமிருந்து ஏ4 வீதியால் நகருக்கு வருவோர் கல்லடிப் பாலத்தைக் கடந்தே ஆகவேண்டும். மண்முனைப் பாலத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், வவுணதீவு வழியாகச் சுற்றி வருவோர் மிகச் சிலரே. ஆகவே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலும், அதற்கு அருகே 1924ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் பழைய பாலத்திலும் ஒருநாள் முழுவதும் ஆட்களை நிறுத்தி எண்ணினால், தெற்கிலிருந்து வரும் வாகனங்களையும் மிதிவண்டிகளையும் நடந்து வருவோரையும் ஏறத்தாழ முழுமையாகக் கணக்கிட்டுவிடலாம். இத்தகைய வசதி எல்லா நகரங்களுக்கும் வாய்ப்பதில்லை. எனினும் அந்த எண்ணிக்கை, பாலத்தைக் கடந்தவர் வைத்தியசாலைக்குப் போகிறாரா, சந்தைக்குப் போகிறாரா என்பதைச் சொல்லாது. அவர் எப்படித் திரும்புவார் என்பதையும் சொல்லாது. ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதத்தில் எண்ணி மாற்றத்தைக் கண்காணிக்க அது போதும். காரணத்தை அறியப் போதாது.

பயணச்சீட்டுப் பதிவின் வலிமையை இலண்டன் நகர ஆய்வொன்று நன்கு காட்டுகிறது. 2014 பெப்ரவரியில் அங்கு சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பல நிலையங்கள் மூடப்பட்டன. பயணிகள் வேறு பாதைகளைத் தேட நேர்ந்தது. ஒரே பயண அட்டையின் பதிவுகளை வேலைநிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட பொருளியலாளர்கள், ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் தம் பழைய பாதைக்குத் திரும்பவே இல்லை என்று கண்டார்கள். பழக்கம் என்பது எப்போதும் ஆராய்ந்து எடுத்த முடிவு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

நமக்கு அதைவிடப் பெரிய சோதனை 2022இல் வந்தது. எரிபொருள் நிலையங்களில் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. பின்னர் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றருமே கிடைத்தன. பரணில் கிடந்த சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. பல ஆண்டுகளாகப் பேருந்தில் ஏறாதவர்கள் ஏறினார்கள். அவர்களில் எத்தனை பேர் பேருந்திலேயே தங்கினார்கள், எத்தனை பேர் எரிபொருள் கிடைத்ததும் திரும்பிப் போனார்கள் என்பதைப் பின்தொடர்ந்து பார்க்க எங்கள் பேருந்துகளில் ஆளறியும் பயண அட்டை இல்லை. காசைக் கொடுத்துச் சீட்டை வாங்குகிறோம். தனியார் பேருந்துகளில் சீட்டு கைக்கு வராமலே பயணம் முடிந்துவிடுவதும் உண்டு. போக்குவரத்துச் சபையின் கணக்கும் தனியாரின் கணக்கும் ஒன்றாகச் சேர்வதில்லை. அவை சேர்ந்தாலும் ஓர் அடிப்படைக் குறை எஞ்சும்: பயணச்சீட்டு, பேருந்தில் ஏறியவரை மட்டுமே அறியும். நாம் தேடுபவரோ இறங்கிப் போய்விட்டவர்.

தொலைபேசிப் பதிவுகள் இந்தக் குறையைத் தீர்ப்பவைபோலத் தோன்றும், ஏனெனில் பேருந்தில் வந்தாலும் வராவிட்டாலும் எல்லோருடைய கையிலும் தொலைபேசி உண்டு. அடையாளம் நீக்கப்பட்ட அழைப்புப் பதிவுகளைக் கொண்டு, எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு மக்கள் செல்கிறார்கள் என்பதை மதிப்பிடும் பணி இலங்கையிலேயே நடந்திருக்கிறது. லேர்ன்ஏசியா அமைப்பின் ஆய்வாளர்கள் அதில் முன்னின்றவர்கள். மாவட்டங்களுக்கு இடையிலான நகர்வை அறிய அது விரைவானது, செலவும் குறைவு. ஆனால் பதிவில் இருப்பது தொலைபேசி தொடர்புகொண்ட கோபுரத்தின் இடமே அன்றி ஆள் நின்ற இடமன்று. காத்தான்குடியிலிருந்து நகருக்கு உள்ள ஆறேழு கிலோமீற்றரில் பேருந்தும் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் ஒரே வீதியில், பெரிய வேக வேறுபாடின்றி ஓடுகின்றன. கோபுரத்தின் கணக்கில் அவை மூன்றும் ஒன்றே. மூன்றையும் பிரித்தறிவதற்காகத் தொடங்கும் ஆய்வுக்கு இம்முறையை முதன்மையாகக் கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி வீட்டு ஆய்வுக்கு வருவோம். கொழும்புப் பெருநகரத்துக்காக ஜப்பானிய உதவியுடன் 2014இல் நிறைவுற்ற போக்குவரத்துத் திட்ட ஆய்வும் வீடு வீடாகச் சென்று கேட்ட விவரங்களையே அடித்தளமாகக் கொண்டிருந்தது. ஒரு குடும்பத்தின் ஒவ்வொருவரும் ஒருநாளில் எங்கே, எப்போது, எதற்காக, எதில் போனார் என்று வரிசையாகக் கேட்டு எழுதுவதே இதன் சாரம். மறதி இதன் முதற் பகை. கடைக்கு நடந்து போய் வந்ததை மக்கள் ஒரு பயணமாகவே கருதுவதில்லை. வீட்டில் இல்லாதவருக்காக மற்றொருவர் விடை சொல்லும்போது பயணங்கள் இன்னும் குறைந்துவிடுகின்றன என்பதும் இத்துறையினர் நெடுங்காலமாக அறிந்ததே.

எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை அப்படியொரு வினாக்கொத்துடன் வந்தார்கள். வாசலில் நின்றபடி அப்பாவிடம் மட்டும் கேட்டார்கள். அப்பா தன் அலுவலகப் பயணத்தைச் சொன்னார். அம்மாவைப் பற்றிக் கேட்டபோது "வீட்டிலதான்" என்றார். அன்று காலை அம்மா தம்பியைப் பாடசாலையில் விட்டு, அங்கிருந்து சந்தைக்குப் போய், பின்னேரம் மாமியை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று, இருட்டிய பின் முச்சக்கர வண்டியில் திரும்பியிருந்தார். அந்தத் தாளில் அவர் வீட்டைவிட்டு வெளியேறவே இல்லை. அந்த வெற்றுக் கட்டம் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. அப்படிப்பட்ட கட்டங்களைக் கூட்டித்தானே பேருந்துகளின் நேர அட்டவணை பிறக்கிறது.

அம்மாவின் அந்த நாள் இன்னொன்றையும் காட்டுகிறது. காலையில் பேருந்துக்குக் குறைவில்லை. ஆனால் மாலையில் வைத்தியசாலையில் எவ்வளவு நேரம் செல்லும் என்பது தெரியாதபோது, திரும்பிவரப் பேருந்து இருக்குமா என்ற ஐயமே காலைத் தெரிவையும் முடிவு செய்துவிடுகிறது. மனிதர்கள் போகும் பயணத்தைத் தனியாகவும் திரும்பும் பயணத்தைத் தனியாகவும் தெரிவு செய்வதில்லை. வீட்டிலிருந்து வீடு வரையான முழுச் சுற்றையுமே தெரிவு செய்கிறார்கள். காலை மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவர் மாலையில் அதை விட்டுவிட்டு வர முடியாது. பேருந்துக்குள் அமர்ந்திருக்கும் நேரத்தைவிடத் தரிப்பிடத்தில் காத்துநிற்கும் நேரம் ஏறத்தாழ இருமடங்கு பாரமாக உணரப்படுகிறது என்பது போக்குவரத்துத் திட்டமிடலில் வழக்கமாகக் கொள்ளப்படும் கணக்கு. மாலை ஏழு மணிக்குப் பின் வெளிச்சமில்லாத தரிப்பிடத்தில் தனியே நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பாரம் இன்னும் எவ்வளவு கூடும் என்பதை எந்தப் பாலத்து எண்ணிக்கையும் சொல்லாது. அவரிடமே கேட்டால்தான் தெரியும்.

வீட்டுக்குச் சென்ற பின் எதைக் கேட்பது என்பதிலும் இரு தரப்புகள் உண்டு. "புதிய பேருந்து விட்டால் ஏறுவீர்களா?" என்று விருப்பத்தைக் கேட்பது ஒன்று, உண்மையில் செய்ததைக் கேட்டு, அதிலிருந்து விருப்பத்தை உய்த்துணர்வது மற்றொன்று. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பார்ட் ரயில் 1972இல் ஓடத் தொடங்கும் முன்பே, பொருளியலாளர் டானியல் மக்ஃபாடனும் குழுவினரும் வேலைக்குப் போவோரின் அப்போதைய பயணத் தெரிவுகளைத் திரட்டி, நேரத்துக்கும் செலவுக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பைக் கணித்தார்கள். ரயிலுக்கு 15 விழுக்காட்டுப் பங்கு கிடைக்கும் என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. அவர்களின் கணிப்போ 6.3 விழுக்காடு, பின்னர் நிகழ்ந்தது 6.2 விழுக்காடு. தெரிவுகளைப் பகுத்தாயும் முறைகளை வகுத்ததற்காக 2000ஆம் ஆண்டில் பொருளியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. செய்ததைக் கேட்பதையே நானும் முன்வைப்பேன். ஏறுவேன் என்று சொல்வதற்குக் காசு தேவையில்லை. வீடு தேடி வந்தவரின் முகத்துக்காக "ஓம்" என்று சொல்லிவிடுவதும் எங்கள் ஊர் இயல்பு. ஆயினும் இரவு ஒன்பது மணிவரை ஓடும் பேருந்து போன்று இதுவரை இல்லாத ஒன்றைப் பற்றி அறிய விருப்பக் கேள்வியைத் தவிர வேறு வழியில்லை. அப்போது, அவர் நேற்றுச் சொன்ன பயணத்தையே எடுத்து, "அந்தப் பயணத்துக்கு இத்தனை மணிக்கு, இத்தனை ரூபாவுக்குப் பேருந்து இருந்திருந்தால்?" என்று கேட்பது கற்பனையை ஓரளவு தரையில் நிறுத்தும்.

ஆகவே நான் வேண்டுவது இது. பாலத்து எண்ணிக்கையை ஆண்டுதோறும் செய்து, வீட்டு ஆய்வின் விடைகளைச் சரிபார்க்கும் அளவுகோலாகக் கொள்ளலாம். வீட்டு ஆய்வில் குடும்பத் தலைவரோடு நிறுத்தாமல், பத்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்திக்கவேண்டும். பெண்களிடம் பெண்களே கேட்கவேண்டும். வேலைக்குப் போவோர் வீட்டிலிருக்கும் மாலை நேரத்திலும் போகவேண்டும். மாதிரியை நகரோடு சுருக்காமல், வாவியைப் படகுப் பாதையில் கடக்கும் அம்பிளாந்துறை, மண்டூர்ப் பக்கத்துக் குடும்பங்களையும் சேர்க்கவேண்டும், ஏனெனில் அவர்களுக்குப் பேருந்தின் நேரம் படகின் நேரத்தோடு பிணைந்தது. மாமாங்கத் திருவிழாக் காலத்தையும் நோன்பு மாதத்தையும் பாடசாலை விடுமுறையையும் தவிர்த்து ஒரு சுற்றும், வாடைக்காற்று மழை வாவியை நிரப்பும் டிசம்பரில் இன்னொரு சுற்றும் நடத்தவேண்டும்; மே மாதத்தில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடப்பவர் டிசம்பரில் எதில் வருகிறார் என்பதை அந்த இரண்டாம் சுற்றுத்தான் காட்டும்.