நேஷனல் ஆர்ட்ஸ் கிளப்: திறந்திருக்கும் காட்சிக்கூடங்கள்

நியூயார்க்கில் கிராமர்சி பூங்காவின் தென்புறத்தில், 15ஆம் எண் மாளிகையில் இயங்கும் நேஷனல் ஆர்ட்ஸ் கிளப்பின் காட்சிக்கூடங்களைப் பார்க்கக் கட்டணமும் இல்லை, உறுப்பினர் எவருடைய சிபாரிசும் தேவையில்லை. சாவி உள்ளவர்கள் மட்டுமே நுழையக்கூடிய பூங்காவை ஒட்டிய ஒரு தனியார் கிளப் இவ்வாறு கதவைத் திறந்து வைத்திருப்பதே, அதைத் தயங்காமல் பரிந்துரைக்க எனக்குப் போதுமான காரணம்.

உள்ளே போகுமுன் முகப்பை நிதானமாகப் பாருங்கள். 1876 அதிபர் தேர்தலில் மக்கள் வாக்குகளில் முந்தியும் பதவியை இழந்த சாமுவேல் டில்டனுக்காக, சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவரான கால்வர்ட் வோக்ஸ், 1880களில் அடுத்தடுத்த இரு வீடுகளை ஒன்றாக்கிப் புதுப்பித்த மாளிகை இது. ஷேக்ஸ்பியர், மில்டன், தாந்தே, கதே, பிராங்க்ளின் ஆகியோரின் தலைகள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. வீட்டு வாசலிலேயே எழுத்தாளர்களை நிறுத்திய டில்டனின் சொத்துதான் பின்னாளில் நியூயார்க் பொது நூலகம் உருவாகவும் உதவியது.

நியூயார்க் டைம்ஸின் கலை விமர்சகர் சார்ல்ஸ் டி கே 1898இல் தொடங்கிய இந்த கிளப், 1906இல் இம்மாளிகையை வாங்கியது. தொடக்கம் முதலே பெண்களையும் சம உரிமையுள்ள உறுப்பினர்களாக ஏற்றது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்த கட்டடத்தில் உள்ள நடிகர்களின் கிளப்பான தி பிளேயர்ஸ் 1989 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இத்தகைய நிறுவனம் நிர்வாகச் சீர்கேட்டால் தலைகுனிய நேர்ந்தது. பழைய பொருள்களைக் குவித்து வைக்க கிளப்பின் அறைகளையே பயன்படுத்தினார்கள் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுடன், மாநில அட்டர்னி ஜெனரல் 2012இல் முன்னாள் நிர்வாகத்தினர்மீது வழக்குத் தொடர்ந்தார். மறு ஆண்டு 9,50,000 டாலர் தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே அது முடிவுக்கு வந்தது. அதன்பின் ஏற்பட்ட மறுமலர்ச்சியை நான் விருந்துகளின் ஆடம்பரத்தைக் கொண்டு மதிப்பிடவில்லை. முன்பின் அறியாத ஒருவரும் தெருவிலிருந்து நேரே வந்து ஓவியத்தின்முன் நிற்க முடிகிறதா என்பதே என் அளவுகோல், அதில் இந்த கிளப் தேறிவிட்டது.

உணவறையும், டொனால்ட் மெக்டொனால்ட் உருவாக்கிய வண்ணக் கண்ணாடிக் குவிமாடத்தின் கீழுள்ள மதுக்கூடமும் உறுப்பினர்களுக்கும் அவர்களின் விருந்தினர்களுக்கும் உரியவை. அந்தக் குவிமாடத்தைக் காணும் வாய்ப்பு இன்னும் பரவலாகக் கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம். கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படுமுன் கிளப்பின் இணையதளத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.