ஸ்கிட் பிளேட் அடிக்கக் கொடுப்பவர்கள் தகட்டை எடை போட்டு வாங்குங்கள்

வண்டிக்கு அடியில் ஸ்கிட் பிளேட் (இன்ஜின் முதலியவற்றைப் பாறையிலிருந்து காக்கும் தகடு) அடித்து மாட்ட நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் 4 எம்எம் தகடு என்று பேசிப் பணம் வாங்கிக்கொண்டு 2.5 எம்எம் தகட்டை மாட்டி அனுப்பினார்கள். அதோடு நின்றிருந்தால் பணம் போயிற்று என்று விட்டிருப்பேன். என்னைக் கேட்காமல், வண்டியின் முதுகெலும்பான சேஸிஸிலேயே வெல்டிங் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்களுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம், ஊடே மிளகு. தார் ரோட்டிலிருந்து களத்துக்குப் போகும் வழி முழுக்கப் பாறை. ஒரு மழை பெய்தால் மண் அரித்துப் போய்ப் பாறை இன்னும் துருத்திக்கொண்டு நிற்கும். வண்டி இசுஸு வி-கிராஸ் பிக்கப். பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். முன் ஆக்சில் ஒரே தண்டாக இருக்கும் வண்டிகளில் சக்கரம் பாறைமேல் ஏறினால் டிஃபரன்ஷியலும் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) கூடவே மேலே போகும். இதில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்து நிற்கிறது. சஸ்பென்ஷன் அமுங்கும்போது டிஃபரன்ஷியல், சம்ப் (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) எல்லாமே பாறையை நோக்கி இறங்கும். கம்பெனியில் மாட்டி வரும் தகடு கல் தெறிப்புக்குப் போதும். உர மூட்டை ஏற்றிய வண்டி பாறையில் உட்கார்ந்தால் அது தாங்காது. அதனால்தான் தனியாக அடிக்கக் கொடுத்தேன்.

பட்டறைக்காரர் விவரமாகத்தான் பேசினார். சம்ப், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) மூன்றுக்கும் தனித்தனித் தகடு. 4 எம்எம் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு), லேசர் கட்டிங், மெஷினில் பெண்டிங், சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் மட்டும் போல்ட், மேலே பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைக்கும் பூச்சு). மொத்தம் 36,000 ரூபாய். அத்தனையும் எஸ்டிமேட் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கூடவே முன்னால் புல் பாரும் (பம்பருக்கு முன் மாட்டும் இரும்புத் தடுப்பு) போட்டுக்கொள்ளுங்கள் என்று நெருக்கினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு அது விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இது தெரியாமல் இன்றைக்கும் பலர் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வண்டியை எடுக்கும்போது கீழே படுத்து, தகட்டின் ஓரத்தில் வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். 4 எம்எம் காட்டியது. மூன்று தகட்டிலும் அதே அளவு. பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சில வாரம் கழித்துத் தோட்டத்து வழியில் மூட்டையோடு ஏறும்போது அடியில் ஒரு பாறை தட்டியது. நடை வேகம்தான். ஆனால் அதற்குப் பிறகு இன்ஜின் ஓடும்போதெல்லாம் அடியிலிருந்து ஒரு அதிர்வு, இரைச்சல். வத்தலக்குண்டில் வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் இறக்கினேன். வண்டியைத் தூக்கிப் பார்த்தால், சம்ப் தகடு நடுவில் குழிந்து மேலே போய் சம்பிலேயே முட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு அடி விழுந்திருந்தால் தகடே சம்பை உடைத்திருக்கும்.

“நாலு எம்எம் தகடு இந்த அடிக்கு இப்படி வளையாதுண்ணே. கழட்டி எடை போட்டுப் பாப்போம்” என்றார் மெக்கானிக்.

இரும்பில் ஏமாற்ற முடியாத ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு எம்எம் கனத்துக்கு 7.85 கிலோ. என்னுடைய சம்ப் தகடு விரித்துப் பார்த்தால் சுமார் 80க்கு 75 சென்டிமீட்டர், அதாவது 0.6 சதுர மீட்டர். 4 எம்எம் என்றால் ஏறக்குறைய 19 கிலோ வர வேண்டும். ஓட்டைகளுக்குக் கொஞ்சம் கழித்தாலும் 18க்குக் கீழே இறங்காது. பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். 12 கிலோ சொச்சம்.

அப்படியானால் வெர்னியர் எப்படி 4 காட்டியது? பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தபோது விளங்கியது. 2.5 எம்எம் தகட்டைச் சுற்றி, ஓரம் முழுக்க 4 எம்எம் தகட்டில் வெட்டிய ஒல்லியான பட்டையை வைத்து வெல்டிங் செய்து, கிரைண்டரில் தேய்த்து, மேலே கனமாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வாங்குகிறவர் ஓரத்தில்தான் அளப்பார் என்று தெரிந்தே செய்த வேலை இது. பவுடர் கோட்டிங்கும் இல்லை, சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட்.

ஒன்றரை எம்எம் குறைந்ததற்கா இத்தனை பேச்சு என்று தோன்றலாம். தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். 4 எம்எம்முக்குப் பதில் 2.5 போட்டால் விறைப்பு கால்வாசிக்கு வந்துவிடும். கேஜ் கணக்கில் பேசும் இடங்களில் இன்னும் கவனம் தேவை. அதில் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 8 கேஜ் நாலு எம்எம், 12 கேஜ் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். எம்எம்மில்தான் எழுதி வாங்க வேண்டும்.

இனி சேஸிஸ் விஷயம். பழைய ஓட்டைகளில் தகடு சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது. அளவெடுத்து மறுபடி வளைப்பதற்குப் பதிலாக, சேஸிஸின் அடிப்பட்டையில் குறுக்காக நாலு பிராக்கெட்டை வெல்டிங் வைத்து அதில் மாட்டிவிட்டார்கள். வண்டி குலுங்கும்போது வளைவு விசையில் பெரும்பகுதியைத் தாங்குவது சேஸிஸின் மேல் பட்டையும் அடிப்பட்டையும்தான். அங்கே குறுக்கே வெல்டிங் வைத்தால், சூடு பட்ட இரும்பின் தன்மை மாறி, வெல்டிங் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும். லாரிக்கு பாடி கட்டுகிறவர்களுக்குக் கம்பெனிகள் தரும் கையேடுகளில் இந்த இடத்தில் வெல்டிங்கும் கூடாது, துளையும் கூடாது என்றுதான் இருக்கும். மெக்கானிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். ஒரு பிராக்கெட்டின் ஓரத்தில் தலைமுடி கனத்தில் விரிசல் தெரிந்தது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிற வண்டி. அன்றைக்கு எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மற்றதெல்லாம் இதற்கு முன்னால் சின்னக் குறைகள்தான், ஆனாலும் சொல்கிறேன். போல்ட் எதிலும் தலையில் 8.8 என்ற வலு முத்திரை இல்லை. தலைகளும் தகட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. பாறையில் உரசினால் முனை மழுங்கி ஸ்பேனரே பிடிக்காது. ஆயில் இறக்க வழி விடவில்லை, ஒவ்வொரு சர்வீசுக்கும் தகட்டையே கழற்ற வேண்டும். முன் தகட்டின் பின் ஓரம் கீழேயும், அடுத்த தகட்டின் முன் ஓரம் அதற்கு மேலேயும், கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இவர்கள் தலைகீழாக வைத்ததால் முன்னால் போகும்போது பாறையின் விளிம்பு இரண்டு தகட்டுக்கும் நடுவில் போய்ச் சிக்கும். சேறும் இலையும் விழுந்துபோக ஒரு துவாரம்கூட இல்லை. எங்கள் தோட்டத்தில் நிழலுக்கு நிற்பது சில்வர் ஓக், வெயில் காலத்தில் சருகு கொட்டிக் கிடக்கும். பிஎஸ்6 டீசல் வண்டியில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னிடம் சேர்ந்த கரியை எரிக்கும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேறும். தகட்டில் சருகு தேங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். “பாறையில ஏத்துனா எந்தத் தகடும் வளையத்தானுங்க சார் செய்யும்” என்றார். எடையைச் சொன்னதும், கொண்டு வாங்க பார்த்துக்கலாமுங்க என்றார். வெல்டிங்கைப் பற்றிக் கேட்டதும் லைன் கட். அப்புறம் என் எண்ணை எடுக்கவே இல்லை.

நீங்கள் அடிக்கக் கொடுத்தால், எஸ்டிமேட்டில் கனத்தோடு ஒவ்வொரு தகட்டின் எடையையும் எழுதச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் போய்ப் பார்த்து, தராசில் வைத்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். எடை ஏறுகிறதே என்று கவலைப்பட்டால் 5052 ரக அலுமினியத்தில் 6 எம்எம் போடலாம். சதுர மீட்டருக்கு 16 கிலோதான் வரும், 4 எம்எம் இரும்பு 31 கிலோ. ஆனால் விலை கூடுதல். சேஸிஸில் வெல்டிங் வைக்கக் கூடாது, துளை போடக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். மறுக்கிற பட்டறை வேண்டவே வேண்டாம்.

நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் கோவைக்கு அலைய வேண்டியதில்லை, திண்டுக்கல்லிலேயே போடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கையெழுத்துப் போட்ட எஸ்டிமேட், இரும்புக் கடை எடைச் சீட்டு, விரிசலின் படங்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாம் கையில் இருக்கின்றன. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். கோவைப் பக்கம் அண்மையில் தகடு அடித்தவர்கள் யாராவது இருந்தால், ஒரு தகட்டையாவது கழற்றித் தராசில் வையுங்கள். அப்படியே சேஸிஸின் அடிப்பட்டையில் புது பெயிண்ட் தெரிகிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.