மேன்முறையீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய்: ஓர் இணைய நிதிசேகரிப்புத் தளம் பற்றிய மதிப்பீடு

விசுவமடுப் பக்கத்தில் உள்ள எங்கள் வாசிகசாலையில் மாலையில் கூடும் பத்துப் பேர், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு, அப்போது அவுஸ்திரேலியச் சிறையில் இருந்த டேவிட் மக்பிரைட் என்பவரின் மேன்முறையீட்டுச் செலவுக்கென 2024 ஜூன் மாதத்தில் 25 அவுஸ்திரேலிய டொலர் அனுப்பினோம். காசைக் கொண்டுசேர்த்த இணையத்தளம் எப்படி வேலை செய்தது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இதே அச்சில் இயங்கும் தளங்கள் பல இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

காசு சேர்ப்பதற்கு முன்பே வாசிகசாலையில் வாக்குவாதம் வந்துவிட்டது. மக்பிரைட் ஓர் இராணுவச் சட்டத்தரணி. ஆப்கானிஸ்தானில் இரண்டு தடவை பணியாற்றியவர். “ஆமிக்காரனுக்கு நாங்கள் ஏன் காசு குடுக்க வேணும்?” என்று ஒருவர் கேட்டது வன்னியில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். மக்பிரைட் அவுஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் ஊடகவியலாளர்களிடம் கொடுத்த இரகசிய ஆவணங்களை வைத்தே, அவுஸ்திரேலியச் சிறப்புப் படையினர் ஆப்கானிஸ்தானில் பொதுமக்களைக் கொன்றமை பற்றிய செய்திகள் 2017 இல் வெளிவந்தன என்பதையும், 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல்கள் உண்டு என்று அப்படையினரின் நடத்தையை ஆராய்ந்த பிரெரெட்டன் விசாரணை அறிக்கை 2020 நவம்பரில் கூறியதையும் எடுத்துச் சொன்ன பிறகுதான் கேள்வி கேட்டவர் தமது ஐந்நூறை எடுத்து வைத்தார். படையினர் மீது அளவுக்கு மீறி விசாரணை நடக்கிறது என்பதே மக்பிரைட்டின் தொடக்க முறைப்பாடாக இருந்தது என்பதையும் நான் மறைக்கவில்லை. அவர் நினைத்துக் கொடுத்தது ஒன்று, ஆவணத்தில் இருந்தது இன்னொன்று. ஆனாலும் 2024 மே 14 அன்று 5 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனை பெற்றவர், கொலை செய்தவர்களில் ஒருவரல்லர், ஆவணத்தைக் கொடுத்தவர்.

இனித் தளத்துக்கு வருகிறேன். வங்கி அட்டை என்னிடம் மட்டுமே இருந்தபடியால் கட்டணம் செலுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் சிக்னல் இல்லை. ஆகவே சந்தியில் உள்ள கொமினிகேசன் கடைக்குப் போனேன். அட்டை இலக்கத்தை இட்டு முடித்ததும் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் வரவேண்டும். அது கைபேசிக்கு வந்து சேர்வதற்குள் தளம் கொடுத்திருந்த நேரம் முடிந்து, பக்கம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிட்டது. இரண்டு தடவை இப்படியே நடந்தது. மூன்றாவது தடவை கைபேசியைக் கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டு நின்ற கடைப் பெடியன், “சேர், வந்திட்டுது, கெதியா அடியுங்கோ” என்று இலக்கங்களை உரத்து வாசிக்க, உள்ளே இருந்து நான் தட்டினேன். கடவுச்சொல்லை ஊருக்கே கேட்க வாசிப்பது சரியல்ல என்பது எனக்குத் தெரியும். வேறு வழி இருக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் தொகை 25 டொலராக இல்லாமல் 29 டொலருக்கு மேல் நின்றது. தளத்தை நடத்துவோருக்கான ‘அன்பளிப்பு’ என்ற பெயரில் 17 சதவீதம் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருந்தது. அதை நீக்கலாம், ஆனால் நீக்கும் பொத்தானைச் சிறிய சாம்பல் எழுத்தில், கண்ணாடி போட்டும் தேடவேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் நின்று, “போடுகிற நூறில் பதினேழை எனக்குத் தா” என்று ஒருவர் கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொண்டே பூச்சியத்துக்கு மாற்றினேன். தளத்துக்குச் செலவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கேட்டுப் பெறுவதற்கும் சொல்லாமல் கூட்டி வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒன்றைப் பாராட்டவேண்டும். பற்றுச்சீட்டு ஒரு நிமிடத்துக்குள் மின்னஞ்சலுக்கு வந்தது. தொகை, நாள், கொடுத்தவர் பெயர் எல்லாம் பிழையின்றி இருந்தன. அதை அச்செடுத்து வாசிகசாலைப் பலகையில் ஒட்டினோம்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. இத்தளம் எல்லாத் தேவைகளையும் ஒரே அளவுகோலால் அளக்கிறது: மேலே ஓர் இலக்குத் தொகை, கீழே நிரம்பிக்கொண்டு போகும் பச்சைக் கோடு. தண்டப்பணத்துக்கு இது பொருந்தும். அமெரிக்க இராணுவ ஆவணங்களை வெளியிட்ட செல்சி மானிங், பின்னாளில் பெரும் நடுவர் குழுவின் முன் சாட்சியளிக்க மறுத்ததற்காக மீண்டும் அடைக்கப்பட்டு 2020 மார்ச்சில் விடுதலையானபோது, நீதிமன்றம் விதித்திருந்த 256,000 டொலர் தண்டத்தை ஆதரவாளர்கள் இணையத்தில் இரண்டே நாளில் சேர்த்துவிட்டார்கள். தொகை தெரியும், கட்டினால் முடிந்தது.

மேன்முறையீடு அப்படி நிரம்பி முடிகிற பாத்திரமல்ல. அதே மானிங்குக்கு 35 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது 2013 ஆகஸ்டில். மேன்முறையீட்டு வாதம் எழுத்தில் தாக்கலானது 2016 மே மாதத்தில். தண்டனைக் குறைப்பால் அவர் வெளியே வந்தது 2017 மே மாதத்தில். குற்றத்தீர்ப்பு சரியே என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2018 மே மாத இறுதியில். அதாவது ஆள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் கழிந்த பிறகே வழக்கின் முடிவு வந்தது. இந்த நெடுங்காலத்துக்குச் சட்டத்தரணிகளும் ஆவணப் பிரதிகளும் பயணங்களும் தேவைப்படுகின்றன. எந்த மாதம் எவ்வளவு என்று தொடக்கத்தில் எவராலும் சொல்ல முடியாது. வவுனியா மேல் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துக் கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போன வன்னிக் குடும்பங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் இரவு பஸ் ஏறியவர்கள். முதலில் தாலிக்கொடி, பிறகு காணி உறுதி என்று அடகு வைத்தவர்கள்.

ஆகவே மேன்முறையீட்டுக்குக் காசு திரட்டும் தளத்தில் நான் எதிர்பார்ப்பது பச்சைக் கோடு அல்ல, வரவுசெலவுக் கணக்கு. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளர் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, முருங்கைக் கன்று வாங்கிய 350 ரூபாய் வரைக்கும் வாசிப்பார். யாராவது ஒருவர் கட்டாயம் கை உயர்த்தி ஒரு கேள்வி கேட்பார். இத்தளத்தில் அப்படி ஒரு கணக்கை இடுவதற்கென்று ஒரு பகுதியே இல்லை. பக்கத்தை நடத்துவோர் விரும்பினால் செய்தி எழுதலாம், அவ்வளவுதான். எனவே குறையை அவர்கள்மேல் போடமாட்டேன். அவர்கள் எழுதிய செய்திகள்கூடத் தளத்தின் விளம்பர மடல்களோடு கலந்து குப்பைக் கோப்புக்குள் விழுந்திருந்தன. மக்பிரைட்டின் மேன்முறையீடு 2025 மே 28 அன்று தள்ளுபடியானதை நான் வானொலியில்தான் அறிந்தேன். அதே வாரம் தளத்திடமிருந்து எனக்கு வந்த மடல், இன்னொரு நாட்டில் ஒரு நாய்க்குச் சத்திரசிகிச்சை செய்ய உதவும்படி கேட்டது.

வன்னியிலிருந்து இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் கட்டாயம் அறியவேண்டியது ஒன்றுண்டு. நான் பயன்படுத்திய தளத்தில் இலங்கையிலிருந்து காசு கொடுக்கலாம், வாங்க முடியாது. பணம் பெறுவோருக்கான நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. உள்ளூர்க் கைதி ஒருவரின் வழக்குச் செலவுக்குப் பக்கம் திறக்கவேண்டுமானால், கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் தம் பெயரில், தம் வங்கிக் கணக்கில் திறந்து, பிறகு உண்டியல் எனப்படும் வங்கிசாராப் பணமாற்று மூலமோ வங்கி மூலமோ இங்கே அனுப்பவேண்டும். அந்த உறவினரை நம்பித்தான் எல்லாம். அப்படியானவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது நல்லது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கு சட்டத்தரணி கிடைக்க வழியுண்டு.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். பற்றுச்சீட்டுக்கு ஒன்று, காசு குறையாமல் போனதற்கு ஒன்று, அன்பளிப்பை நீக்கவாவது விட்டதற்கு அரை. மேன்முறையீடு தோற்ற செய்தியை வாசிகசாலையில் சொன்னபோது, முதலில் மறுத்த அதே ஐயா, “அப்ப அந்தாள் இன்னும் உள்ளுக்கோ? அடுத்த கோட்டுக்குப் போறாரெண்டால் சொல்லு” என்றார். அனுப்புவதானால், இந்தத் தடவை பக்கத்தை நடத்துவோருக்கு முதலில் ஒரு கடிதம் எழுதிக் கணக்குக் கேட்ட பிறகே அனுப்புவோம்.