லிவர்பூலின் குடிநீருக்காக மூழ்கிய இரண்டு வேல்ஸ் கிராமங்கள்

லான்வுத்தின், கேப்பல் கெலின் இரண்டுமே லிவர்பூலுக்குத் தண்ணீர் தர மூழ்கடிக்கப்பட்ட வேல்ஸ் கிராமங்கள்தான், ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 1880களில் மூழ்கிய லான்வுத்தினுக்கு அணைக்குக் கீழே புது வீடுகளும் தேவாலயமும் கட்டித் தந்தார்கள், இடம் மாறினாலும் ஊர் ஊராகவே இருந்தது.

கேப்பல் கெலினுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. வெல்ஷ் மொழியிலேயே வாழ்ந்த ஊர் அது. 1956இல் ஊர்மக்கள் குழந்தைகளோடு அணையை எதிர்த்து லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள், வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட அணைக்கான மசோதாவை ஆதரித்து வாக்களிக்கவில்லை, அப்படியும் 1957இல் சட்டம் நிறைவேறியது. பள்ளி, தபால் நிலையம், வழிபாட்டுக்கூடம், 12 வீடுகள், எல்லாமே 1965இல் தண்ணீருக்கடியில் போய்விட்டன. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல்தான். கேப்பல் கெலின் இருந்த பள்ளத்தாக்கின் பெயர் ட்ரவெரின். மேற்கு வேல்ஸில் லான்ரிஸ்டுட் என்ற ஊர் அருகே ஒரு சுவரில் 'ட்ரவெரினை மறவாதீர்' என்ற வெல்ஷ் எழுத்து, யாராவது அழித்தால் திரும்பவும் எழுதப்படுகிறது.