நாக்கடி நீர்க்கட்டி: "சுரப்பியை எடுத்தாச்சு" என்றால் பயாப்சி ரிப்போர்ட்டைக் கேளுங்கள்

நாக்குக்கு அடியில் ஒரு பக்கமாக, நீலம் பாய்ந்த கொப்புளம் மாதிரி வலியில்லாமல் வீங்கினால் பெரும்பாலும் அது ரானுலா, அதாவது எச்சில் தேங்கிய நாக்கடி நீர்க்கட்டி. வில்லிவாக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவருக்கு எட்டு மாதத்தில் இரண்டு தடவை ஊசியால் உறிஞ்சினார்கள், ஒரு தடவை லேசர் வைத்தார்கள். கடைசியில் "சுரப்பியையே எடுத்துவிட்டோம்" என்று ஆபரேஷன் பில். ஏழாவது வாரம் அதே இடத்தில் மறுபடி வீக்கம். பயாப்சி ரிப்போர்ட்டில் பார்த்தால், அனுப்பிய துணுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. நார்த்திசு, சளி, அவ்வளவுதான். சுரப்பித் திசு என்று ஒரு வரி இல்லை. நாக்கடி எச்சில் சுரப்பி (சப்லிங்குவல் சுரப்பி) பாதாம் பருப்பு வடிவில் 3 முதல் 4 கிராம் இருக்கும். அது இந்தத் துணுக்கில் அடங்காது.

ஊசி ஏன் பலிப்பதில்லை? ரானுலாவுக்கு உரித்தெடுக்கிற மாதிரி சொந்தப் பை கிடையாது. அடிபட்ட சப்லிங்குவல் சுரப்பியிலிருந்து கசியும் எச்சில் திசுவுக்குள் தேங்கியதுதான் கட்டி. இந்தச் சுரப்பி நாம் சாப்பிடாத நேரத்திலும் சுரந்துகொண்டே இருக்கும். உறிஞ்சினால் சில நாள், சில வாரத்தில் மறுபடி நிரம்பிவிடும். கொப்புளத்தின் மேல்தோலை வெட்டி ஓரத்தைத் தைத்தாலும் பலருக்குத் திரும்பி வருகிறது. கைக்குழந்தைகளுக்குச் சில மாதம் பொறுத்துப் பார்ப்பதில் தப்பில்லை, தானாகவே வடிவதுண்டு. பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் சுரப்பியை எடுப்பதுதான் வைத்தியம்.

அது சின்ன வேலை இல்லை. பொதுவாக முழு மயக்கம் கொடுத்து, வாய்க்குள்ளேயே கீறுவார்கள். தாடைக்கடியில் இருக்கும் இன்னொரு எச்சில் சுரப்பியின் குழாயை முதலில் மெல்லிய கம்பி விட்டு அடையாளம் வைத்துக்கொள்வார்கள். அதற்கு அடியில் வளைந்து போவது நாக்கின் உணர்வு நரம்பு. இரண்டையும் கண்ணால் பார்த்து ஒதுக்கிய பிறகே சுரப்பி வெளியே வரும். நரம்பு இழுபட்டால் நாக்கு மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் திரும்பும், அறுபட்டால் நிரந்தரமாகவே இருந்துவிடலாம். குழாய் அடைபட்டால் சாப்பிடும்போதெல்லாம் தாடைக்கடியில் வீங்கி வலிக்கும். இதையெல்லாம் சொல்லாமல் கையெழுத்து வாங்குகிற இடத்தில் படுக்காதீர்கள்.

கழுத்தில் வீக்கம் வந்தவர்கள் இன்னும் கவனம். தாடைத் தசையின் இடைவெளி வழியாக எச்சில் கீழே இறங்கியிருக்கும். கழுத்தைக் கீறி அந்த நீர்ப்பையை மட்டும் எடுத்தால் தழும்புதான் மிச்சம். கட்டி திரும்ப வரும். அங்கேயும் மூலம் நாக்கடிச் சுரப்பிதான். முதலில் ஸ்கேன் அவசியம். கெட்டியாக, கல் மாதிரி தட்டுப்பட்டால் அது ரானுலா ஆகாது. இந்தச் சுரப்பியில் வரும் கெட்டிக் கட்டிகள் அபூர்வம், ஆனால் வந்தால் பெரும்பாலும் புற்றுநோய். அதை லேசர் வைத்துச் சுடவிடாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் கன்சென்ட் படிவத்தில் "கட்டி நீக்கம்" என்று இருக்கிறதா, "சப்லிங்குவல் சுரப்பி நீக்கம்" என்று இருக்கிறதா என்று படியுங்கள். எடுத்ததைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள், முழுசாக பயாப்சிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம்தான் கெடு.

செலவுக்குப் பயந்து கிளினிக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி, சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு, இரண்டிலும் காட்டலாம். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கஞ்சி, ரசம் சாதம் எல்லாம் ஆறவைத்துக் கொடுங்கள், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கட்டும். நாக்கு மேலே தள்ளிக்கொண்டு வீங்கினாலோ, பேச்சு குழறி மூச்சு திணறினாலோ, உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். டாக்டருக்கு போன் போட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.