1970 பிளிமத் டஸ்டர், ஊதா நிறத்தில்: ஆலையில் அடித்த பெயின்ட் இன்னும் மிஞ்சியிருக்கும் ஒரு கார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காராக மட்டும் பார்த்தால் ஆறு சிலிண்டர் டஸ்டர் மிகச் சாதாரணமான வண்டி. ஆனால் ஆலையில் அடித்த ஊதா பெயின்ட் பெரும்பகுதி கெடாமல் நிற்கும் டஸ்டர், பெரிய எஞ்சினுடன் புதுப் பெயின்ட் பளபளக்கும் பல வண்டிகளைவிட எனக்கு மேலானதாகப் படுகிறது. அண்மையில் அப்படி ஒன்றை ஓட்டிப் பார்க்கவும், அதைத் தகடு தகடாகச் சோதித்துப் பார்க்கவும் உரிமையாளர் இசைந்தார். இந்த மதிப்பீடு அந்த வண்டியைப் பற்றியது.

1969ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், 1970 மாடலாக கிறைஸ்லர் நிறுவனம் டஸ்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேலியன்ட் என்ற சிக்கனமான குடும்பக் காரின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பாதியை மட்டும் சரிவான கூரையோடு புதிதாக வடித்து, குறைந்த செலவில் இளைஞர்களைக் கவரும் இரண்டு கதவு வண்டியாக அதை ஆக்கினார்கள். சக்கர இடைத்தூரம் 108 அங்குலம். அன்றைய அமெரிக்கக் கணக்கில் இது சிறிய கார்தான். அதே ஆண்டில் கிறைஸ்லரின் பிளிமத், டாட்ஜ் இரண்டு பிராண்டுகளிலும் கண்ணைப் பறிக்கும் நிறங்களைக் கூடுதல் கட்டணத்துக்குக் கொடுத்தார்கள். உலோகத் துகள் கலந்த இந்த ஊதாவுக்குப் பிளிமத்தில் ‘இன்-வயலட்’ என்று பெயர், டாட்ஜில் ‘பிளம் கிரேஸி’ என்று பெயர். ஆனால் இரண்டுக்கும் ஆலைக் குறியீடு ஒன்றுதான், எஃப்சி7.

இத்தகைய நிறங்களை விரும்பியவர்கள் பெரும்பாலும் 275 குதிரைத்திறன் கொண்ட 340 கன அங்குல வி8 எஞ்சினையும் சேர்த்தே கேட்டார்கள். வேலைக்கும் கடைக்கும் போய்வர ஆறு சிலிண்டர் வண்டி வாங்கியவர்கள் பச்சை, பழுப்பு, வெள்ளை என்று அடக்கமான நிறங்களோடு நின்றுகொண்டார்கள். ஆறு சிலிண்டரும் ஊதாவும் ஒன்றாக வருவது அதனால்தான் அபூர்வம். அப்படி வந்தவற்றிலும் பல, பெயின்ட் வெளுத்ததும் மலிவான வேறு நிறத்துக்கு மாறின. இன்னும் பல, 340 வண்டிகளைச் சீரமைப்பதற்காகக் கதவும் ஃபெண்டரும் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) பறிகொடுத்து முடிந்துபோயின.

பெயின்டுக்கு வருவோம். அக்காலத்து கிறைஸ்லர் வண்டிகளுக்கு அக்ரிலிக் எனாமல் அடித்துச் சூட்டில் உலர்த்தினார்கள்; இன்றைய கார்களில் நிறத்தின் மேல் தனியாக வரும் தெளிவான பூச்சு அதில் கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருப்பதால் வெயில் நேராக நிறத்தையே தின்றுவிடுகிறது. இந்த வண்டியில் அது தெளிவாகத் தெரிந்தது: பானட், கூரை, டிக்கி மூடி ஆகிய மேல்நோக்கிய பரப்புகள் சாம்பல் கலந்த மங்கிய ஊதாவாக இருந்தன, கதவுகளின் கீழ்ப்பகுதியோ இன்னமும் அடர்ந்த நிறத்தோடு நின்றது. கதவைத் திறந்தால் வேறொரு உலகம். கீல்களை ஒட்டிய உள்விளிம்பில் வெயிலே படாத ஊதா, உலோகத் துகள் மின்ன, வண்டி ஆலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டியது. அதே இடத்தில் பெயின்ட் வழிந்து உறைந்த ஒரு கோடும் இருந்தது. வேகமாக நகரும் உற்பத்தி வரிசையில் அடித்த பெயின்டுக்கு இத்தகைய வழிசல்களும், பரப்பெங்கும் தெரியும் ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளமும் இயல்பு. கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும் ‘அசல் பெயின்ட்’ வண்டியைப் பார்த்தால் நான் சந்தேகப்படத்தான் செய்வேன்.

சந்தேகத்தைத் தீர்க்கப் பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி உதவுகிறது. ஒற்றை முறை அடித்த ஆலைப் பெயின்ட் பொதுவாக 75 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 200ஐத் தாண்டினால் மேலே இன்னொரு முறை அடித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம், ஆயிரத்தை நெருங்கினால் அடியில் புட்டி இருக்கிறது என்று பொருள். இந்த வண்டியில் ஏறக்குறைய எல்லாத் தகடுகளும் ஆலை அளவுக்குள் இருந்தன. இடது பின்புறத் தகட்டின் கீழ்மூலை மட்டும் அதைத் தாண்டியது. உரிமையாளர் அதை மறைக்கவில்லை, பழைய அடி ஒன்றைச் சரிசெய்த இடம் என்று தாமாகவே சொன்னார்.

அடுத்தது ஆவணச் சான்று. பானட்டைத் தூக்கினால், ஓட்டுநர் பக்கத்து உள் ஃபெண்டரில் சிறிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: அடிவரியில் எஞ்சின், கியர்பெட்டி, மாடல் குறியீடுகள், அதற்கு மேல் வரியில் முதலாவதாகப் பெயின்ட் குறியீடு. இங்கே எஃப்சி7 என்று தெளிவாக இருந்தது, தகட்டின் மேலும் அதே ஊதா படிந்திருந்தது. ஆலை கொடுத்த வண்டி எண் விஎல்29சி என்று தொடங்குவதால், மலிவான வரிசையில் வந்த இரண்டு கதவு வண்டி, 225 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் என்பதும் உறுதியாகிறது. இவ்வளவும் ஏன் என்றால், இந்தத் தகடுகளைப் போலியாக அடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். பின் இருக்கைக் கம்பிச்சுருள்களுக்கு அடியில் ஆலைத் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற, வண்டியின் குறியீடுகள் அச்சிட்ட உற்பத்தித் தாள் கிடைத்தால் அது கூடுதல் பலம். இந்த வண்டியில் எலிகள் அதை முந்திக்கொண்டுவிட்டன.

ஓட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 30 டிகிரி சாய்த்துப் பொருத்திய 3.7 லிட்டர் எஞ்சின், 145 குதிரைத்திறன் என்று அன்று விளம்பரப்படுத்தப்பட்டது, அவசரமில்லாமல் ஆனால் தளராமல் இழுக்கிறது. மூன்று வேக ஆட்டோமேட்டிக் கியர் தயக்கமின்றி மாறுகிறது. பவர் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். முதல் அழுத்தத்தில் நன்றாகப் பிடிக்கிறது, இறக்கத்தில் அடுத்தடுத்து மிதித்தால் சூடேறித் தளர்கிறது, எனவே முன்னால் போகும் வண்டிக்கு இடம் விட்டே ஓட்ட வேண்டும். சக்கரம் கழற்றப் போகிறவருக்கு ஒரு எச்சரிக்கை: 1970 மாடல் வரை கிறைஸ்லர் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர்த்திசை மரையைத்தான் வைத்தது. அது தெரியாமல் முழுப் பலத்தோடு தவறான பக்கம் திருகி போல்டையே முறித்தவர்கள் ஏராளம்.

இத்தகைய பெயின்டைக் காப்பாற்றுவது பொறுமை கேட்கும் வேலை. மங்கல் நீங்க வேண்டும் என்று அரம் போலத் தேய்க்கும் பாலிஷ் காம்பவுண்டை இயந்திரத்தில் வைத்து ஓட்டினால், மேலடுக்கோடு உலோகத் துகள்களும் கலைந்து திட்டுத்திட்டாகிவிடும், விளிம்புகளில் பிரைமர் வெளியே வந்துவிடும். எண்ணெய்ப் பசை மிகுந்த மென்மையான ‘கிளேஸ்’ என்ற பாலிஷைக் கையால் தடவி, ஓர் இரவு ஊறவிட்டு, துடைத்து, பிறகு மெழுகு பூசுவதே பாதுகாப்பான வழி. துடைக்கும் துணியில் ஊதா ஒட்டுவதைக் கண்டு பதற வேண்டாம். ஒற்றை அடுக்குப் பெயின்டின் இயல்பு அது. இந்த வண்டியின் பானட்டில் யாரோ முன்பு இயந்திரத்தை ஓட்டிய சுழல் தடங்கள் உள்ளன, அவை இனி போகா.

குறை என்று பார்த்தால் துருவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம் அரித்திருந்தால் பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடலாம். இதில் அது திடமாக இருக்கிறது, டிக்கித் தளமும் அப்படியே. வலது முன் ஃபெண்டரின் அடியில் மட்டும் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. வெல்டிங் செய்தால் சூட்டில் சுற்றியுள்ள பெயின்ட் கருகும், கருகியதை மறைக்க ஃபெண்டர் முழுக்க அடிக்க வேண்டியிருக்கும், பிறகு அதன் நிறம் கதவோடு பொருந்தாது. நான் வாங்குவதாக இருந்தால் அந்த ஓட்டையைத் தொடவே மாட்டேன். உள்பக்கம் சேறு தட்டி, துருத்தடுப்பு எண்ணெய் பீய்ச்சி, மழையில் எடுக்காமல் ஓட்டுவேன். விலை பேசும்போது மட்டும் அதைக் கணக்கில் காட்டுவேன்.