மூடியில் ஒட்டி வரும் தூரிகை: நான்கு வருடம் பேனல் லைனரோடு

சூலூரில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "ஏனுங்ணா, அந்த பேனல் லைனர் விலை குறைஞ்சிருக்குதுங்க. என் தேஜஸ் மாடலுக்கு வாங்கிப் போடலாமுங்களா?" அந்த நேரம் பார்த்து என் ஃபோலண்ட் நாட் பிளாஸ்டிக் மாடல் விமானத்தின் இடது இறக்கையை ஒட்டிக்கொண்டிருந்தேன். இறக்கை விட்டுப் போனதற்குக் காரணமே அந்த பாட்டில்தான். "வாங்காதீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது நியாயமான பதில் இல்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

பேனல் லைனர் என்றால், மாடல் விமானத்தின் மேல் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் பள்ளக்கோடுகளுக்குள் விடுகிற நீர்த்த பெயின்ட். 40 மில்லி பாட்டில், எனாமல், மூடிக்குள் தூரிகை. மாடல் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கம்பெனி பெயர் வேண்டாம். நான்கு வருடத்தில் ஒன்றரை பாட்டில் தீர்த்திருக்கிறேன், ஒன்பது விமானங்கள்.

முதலில் அதன் அருமையைச் சொல்கிறேன். பெயின்ட் அடித்து, மேலே கிளியர் கோட் என்கிற பளபளப்பான நிறமில்லாத வார்னிஷ் கொடுத்து, ஒரு நாள் காயவிட்ட விமானம். பள்ளக்கோட்டின் ஒரு முனையில் தூரிகை நுனியைத் தொட்டால் போதும். மடை திறந்துவிட்ட வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி, கோட்டைப் பிடித்துக்கொண்டு தானாக ஓடும். கோடு பிரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் போகும். நுண்புழை விளைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் கண் முன்னால் ஒரு இறக்கையின் தகடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிவது வேறு. ஒன்பதாவது விமானத்திலும் எனக்கு அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

இப்போது அந்தத் தூரிகை. நாட் விமானம் 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், மூக்கு முதல் வால் வரை 12 சென்டிமீட்டர்தான் வரும். அதன் கோட்டுக்கு இந்தத் தூரிகையைக் கொண்டு போவது, ஊசியில் நூல் கோர்க்கத் தாம்புக்கயிறு எடுத்துப் போகிற மாதிரி. நிறமி அடியில் தங்கிவிடுவதால் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்கினால் தூரிகை முழுக்க நனைந்து, சொட்டச் சொட்ட வெளியே வரும். சரி, பாட்டிலின் வாயில் வழித்துவிடலாம் என்றால், வழித்தது அங்கேயே வளையமாகக் காய்ந்துவிடும். அப்புறம் மூடி சரியாக உட்காராது. உள்ளே இருக்கும் தின்னர் ஆவியாகிப் போகும். ஒரு வருடத்தில் லைனர் கெட்டியாகி, கோட்டில் ஓடுவதற்குப் பதில் தொட்ட இடத்திலேயே நின்றுவிடும். காய்ந்த துணுக்குகள் உள்ளே விழுந்து அடுத்த இறக்கையில் கறுப்புப் பொட்டாக வரும். அந்த அருமையான திரவத்தைக் கெடுப்பது அதோடு சேர்ந்து வருகிற தூரிகைதான். இதை யாருமே உட்கார்ந்து பயன்படுத்திப் பார்க்கவில்லையா என்று ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிறது.

இறக்கை விட்டதும் இப்படித்தான். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டு அதிகமாக இறங்கி, இணைப்புக்குள் போய்விட்டது. அங்கே கிளியர் கோட் கிடையாது, வெறும் பிளாஸ்டிக். ஒட்டும்போது இழுத்துப் பிடித்து ஒட்டிய இடம் வேறு. இழுவிசையில் இருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் (மாடல் செய்யும் பிளாஸ்டிக்) எனாமல் தின்னர் புகுந்தால் விரிசல் விடும். மறுநாள் காலையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு இருந்தது, தொட்டதும் இறக்கை கையோடு வந்துவிட்டது. வெறும் பிளாஸ்டிக்கில் படக் கூடாது என்பது எனக்குத் தெரியும், அதில் என் தவறும் உண்டு. ஆனால் மெல்லிய தூரிகையாக இருந்தால் அந்தச் சொட்டே விழுந்திருக்காது. சூப்பர் க்ளூ, உப்புத்தாள், ஊசியால் மறுபடி கோடு கீறல், வெள்ளி பெயின்ட். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இப்போது நான் செய்வது: பாட்டிலைக் குலுக்கி, மூன்று நான்கு சொட்டு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் விட்டு, உடனே பாட்டிலின் வாயைத் துடைத்து மூடிவிடுவேன். மூன்று சைபர் (000) அளவு மெல்லிய தூரிகையால் கிண்ணத்திலிருந்து தொட்டு வைப்பேன். அரை மணி நேரம் கழித்துத் துடைப்பு. காதுக்குச்சிப் பஞ்சு நார் விடும். நான் திருப்பூர்க்காரன், பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்டில் இன்டர்லாக் துணி கிடைக்கும், இரண்டு பக்கமும் வழவழப்பு. ஒரு துண்டைத் தின்னரில் லேசாகத் தொட்டு, பிழிந்து, காற்று ஓடும் திசையில் முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு. மிஞ்சுவதும் அந்தத் திசையிலேயே கசிந்த கறை மாதிரி அழகாக நிற்கும். இந்த ஊரின் பஞ்சுத் தூசி கிளியர் கோட்டில் உட்கார்ந்து படுத்துகிற பாட்டுக்கு, ஊர் கொடுக்கிற ஈடு இந்தத் துணி. ஆடிக்காற்று மாதத்தில் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள், தின்னர் நெடி தாங்காவிட்டால் அன்றைக்கு வேலையையே விட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் தம்பி கேட்டிருந்தார். கறுப்பு வேண்டாம். 1/72-இல் 0.2 மில்லிமீட்டர் கோடு என்றால் உண்மையான விமானத்தில் 14 மில்லிமீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய இடைவெளி எந்தத் தகட்டுக்கும் கிடையாது. அதில் கறுப்பை விட்டால் விமானம் சாரக்கட்டு போட்ட சுவர் மாதிரி ஆகிவிடும். தேஜஸின் சாம்பல் நிறத்துக்கு அதைவிட ஒரு படி கருத்த சாம்பல் போதும். இறக்கையின் பின்பக்கம் அசைகிற எலிவான், வால் ரட்டர், சக்கரக் கதவு, இவை நிஜமாகவே இடைவெளி உள்ளவை. அங்கே மட்டும் கறுப்பு.

தீர்ப்பு? முதல் விமானம் செய்கிறவருக்கு இன்றைக்கும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன், விலை குறைந்திருந்தாலும். ஓவியர்களின் ஆயில் கலர் ட்யூபும் வாசனையில்லாத ஒயிட் ஸ்பிரிட்டும் வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். காய நேரமாகும், ஆனால் தூரிகை உங்கள் விருப்பம்.

தம்பி, உங்கள் தேஜஸுக்கு கிளியர் கோட் காய்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு திருப்பூர் வாருங்கள். என்னிடம் சாம்பல் பாட்டில் பாதி இருக்கிறது. முதல் கோட்டை நீங்களே தொட்டு வையுங்கள்.